செராமிக் கிளட்சுக்காக நான் வாதாடிய நாள்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகள் உதிர்த்துவிட்டுச் செல்லும் வெள்ளைத் தூசி உச்சி வெயிலிலும் மூடுபனியைப் போல நிற்கும். அந்தத் தூசிக்குள்தான் எங்கள் கார் முதன்முறையாக அலறியது. முன்னால் சென்ற லாரியை முந்துவதற்காக அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சினின் ஓசை ஏறிக்கொண்டே போனது. மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் பாய்ந்தது. காரோ வேகம் குறைந்துகொண்டே வந்தது. எதிரே இன்னொரு லாரியின் விளக்குகள் தூசியிலிருந்து முளைத்தன. அண்ணன் பதறவில்லை. தலையைக் குனிந்து தம் இடது காலைப் பார்த்தார். பிறகே பழைய இடத்துக்கு ஒதுங்கினார். தீய்ந்த வாடை வீடு வரைக்கும் எங்களோடு வந்தது.

அண்ணனுக்கும் எனக்கும் பதினான்கு வயது இடைவெளி. அவர் ஒன்பது ஆண்டுகள் சவூதியில் உழைத்துத் திரும்பியவர். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு அடையாளமாக அவர் தமக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு டீசல் காரைத்தான். பெரிய டர்போ பொருத்தி, எஞ்சினின் கணினியைத் திருத்தி, கம்பெனி கொடுத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு பலம் ஏற்றியிருந்தார். கிளட்ச் மட்டும் பழையது. எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் தட்டு அது. பலம் மிஞ்சினால் தட்டு வழுக்கும், வழுக்கினால் ஓசைதான் மிஞ்சும். எந்தத் தட்டை மாற்றிப் போடுவது என்பதே கேள்வி.

நான் கல்லூரியில் மேடைப் பேச்சாளர். தோற்ற மேடைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆகவே அண்ணன் என்னிடம் வந்து, "பாப்பா, எனக்குச் செராமிக் கிளட்ச்தான் வேணும். அவன் வேண்டாங்கறான். நீ வந்து எனக்காகப் பேசு" என்றபோது, அதை நியாயமான வேண்டுகோளாகவே ஏற்றுக்கொண்டேன். ஏன் செராமிக் என்று நான் கேட்கவில்லை. எந்த அணி என்று சொன்னால் போதும். காரணங்களை நானே கண்டுபிடிப்பது என் பழக்கம்.

'அவன்' என்றது பெரம்பலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக்கை. அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். என்னைக் கண்டதும் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"வாங்க தாயி. மைக் இல்லாம பேசுவீங்களா?"

"உங்க எஞ்சின் சத்தத்தை நிறுத்துனா பேசுவேண்ணே."

"சரி கேளுங்க. இது ரேசுக்கா போவுது? வேப்பந்தட்டைக்குக் கல்யாணத்துக்குப் போவுது. செராமிக் போட்டா சுவிட்ச் போட்ட மாதிரி டக்குனு பிடிக்கும். வண்டியே குலுங்கும். பின்னாடி உக்காந்திருக்கற உங்கம்மா கழுத்து சுளுக்கிக்கும். சாதாரணத் தட்டுலயே கெட்டியா ஒண்ணு வருது, அதைப் போட்டா பூ மாதிரி எடுக்கலாம்."

"அம்மா கழுத்துக்காக நாங்க லாரியில மோதணுமாண்ணே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார்; அங்கேயே ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது. கெட்டித் தட்டு இன்றைய பலத்தைத் தாங்கும், நாளை ஏற்றப்போகும் பலத்தைத் தாங்காது என்றேன். சூடேறினால் அது சோர்ந்துவிடும், செராமிக் சோராது என்றேன். உறுதியாகப் பிடிக்கும் பொருளை முரட்டுத்தனம் என்று பழிப்பது மென்மையின் சோம்பல் என்று முடித்தேன். கைதட்டல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

"மாப்ள, ஆர்டர் போட்டுடறேன்டா. இதுக்கு மேல நின்னா என் பட்டறையையே எழுதி வாங்கிடும் உன் தங்கச்சி."

அண்ணனின் முகத்தில் நான் எதிர்பார்த்தது பெருமிதம். அங்கே தெரிந்தது, தப்பிப் பிழைத்தவரின் ஆசுவாசம். அதை என் வெற்றியின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள்களில் செராமிக் தட்டு வந்தது. நண்பகலில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். பழைய கிளட்சைக் கையிலெடுத்த மெக்கானிக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கிளட்சை விடுவிக்கும் எஃகு விரல்களின் நுனிகள் தேய்ந்து கண்ணாடியாக மின்னின. அவற்றை அழுத்தும் பேரிங், சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"டேய், கிளட்ச் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறியா?"

"நானா? கியர் மாத்துனதும் காலை எடுத்துடுவேன்டா."

"எடுக்கவே இல்லடா. இந்த வண்டியில கிளட்ச்லேருந்து ஒரு கால் எழுந்திரிச்சதே இல்ல."

"அப்ப வேற எவனாவது உக்காந்து மிதிச்சிருப்பான்" என்று சீறிவிட்டு, தேநீர் வாங்கிவர அண்ணன் சாலைக்கு எதிர்ப்புறம் போனார்.

அவர் பொய் சொல்பவர் அல்லர். அந்த இரும்பும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் ஒருசேர நம்ப முடியாமல், காருக்குள் மிதிகட்டைகளின் மேல் கவிந்திருந்த இருட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே யாரும் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

அண்ணன் மூன்று கண்ணாடித் தம்ளர்களோடு திரும்பி வந்தார். தார் உருகும் வெயில். சாலையின் நடுவே ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போனது. அண்ணன் சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். அவர் நடையில் சிறிதும் பிசகில்லை. வாசலின் வெள்ளைத் தூசியில், ஒரு செருப்பின் தடமும் ஐந்து விரல்களின் தடமும் மாறி மாறி எங்களை நோக்கி வந்தன.

மெக்கானிக் மெல்லக் கேட்டார். "மாப்ள, இடது கால் செருப்பு எங்கடா?"

"போட்டிருக்கேனே" என்றார் அண்ணன்.

எங்கள் கண்கள் நிலைத்திருந்த இடத்தை அவரும் பிறகு பார்த்தார். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. ஓரத்தில் தோல் வெந்து எழும்பியிருந்தது. அவர் அதைப் பார்த்த விதம், ஊர் தெரியாத ஒருவனை வீட்டுக்குள் கண்டது போல இருந்தது.

உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "சவூதியிலேயே சுகர் வந்துடுச்சு. மாத்திரையை விட்டுட்டேன்" என்றார். "இப்ப பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. மிதிச்சிருக்கேனா, எடுத்துட்டேனா, பாத்தாத்தான் தெரியும். செராமிக் பிடிச்சா வண்டியே குலுங்கும்ல? காலுக்குத் தெரியலன்னாலும் முதுகுக்குத் தெரிஞ்சுடும். அதுக்குத்தான் கேட்டேன்."

"இன்னொரு கால்?" என்றார் மெக்கானிக். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிக்கும் கால் அது.

அண்ணன் வலது காலைச் செருப்போடு பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா. இந்த வண்டி ஒண்ணுதான் எனக்கு இருக்கு" என்றார்.

என் மூன்று காரணங்களும் நினைவில் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடப் பிழை இல்லை. அவற்றைக் கொண்டு, எதிரே வரும் ஒவ்வொரு பள்ளிப் பேருந்தின் முன்னாலும் இவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

"கம்பெனித் தட்டையே போடுங்கண்ணே. எஞ்சினையும் பழையபடி ஆக்கிடுங்க" என்றேன். "இனிமே நான்தான் ஓட்டுவேன்."

"ஜெயிச்சுட்டு இப்ப மாத்திப் பேசுறியே" என்றார் அண்ணன். குரலில் கோபம் இருந்தது. அதன் அடியில் அழுகை இருந்தது. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரேதான். சாவியை அவர் தரவில்லை. மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே அம்மாவிடமும் சொன்னேன்.

மறுவாரம் அவரைத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். புண்ணை ஆற்றிவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். உணர்ச்சி திரும்புமா என்பதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. வாகனம் ஓட்டக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

திரும்பும்போது பெரம்பலூரைத் தாண்டியதும் அதே வெள்ளைத் தூசி எங்களைச் சூழ்ந்தது. முன்னே லாரி ஊர்ந்ததால் கிளட்சை மிதித்துக் கியரைக் குறைத்தேன். பக்கத்து இருக்கையில், கட்டுப்போட்ட அண்ணனின் இடது கால் தரைவிரிப்பை அதே நொடியில் அழுத்தியது. நான் விட்டபோதும் அது அழுத்தியபடியே இருந்தது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கால் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"கிளட்ச் நல்லா சாஃப்ட்டா இருக்குல்ல?" என்றார்.