பின்னால் கூப்பிடாத அம்மா

சாட்டிக் கடற்கரைக்கு, மோட்டார் பூட்டின பரசூட்டில் ஆட்களை ஏற்றிப் பறக்கிற ஒருவர் வந்திருந்தார். என் தம்பி அடம்பிடித்து ஏறினான். அவர் அவனுக்கு மார்புப் பட்டியையும் இரண்டு தொடைப் பட்டிகளையும் மாட்டி, ஒவ்வொன்றாய் இழுத்தும் பார்த்தார். அதுவரை குறை சொல்ல ஏலாது.

பறக்கிறதுக்குக் காற்று வரட்டும் என்று காத்து நின்ற நேரம் தம்பி பட்டிகளைக் கழற்றிவிட்டு ஓடிவந்து, தன் போனை அம்மாவின் கையில் வைத்தான். திரும்ப ஓடிப்போய், அவசரத்தில் மார்புப் பட்டியை மட்டும் பூட்டினான். ஒருக்கா கழற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கவேணும். அந்த மனிசன் பார்க்கவில்லை. “எல்லாம் சரியோ?” என்று கேட்டார். இவன் “ஓம்” என்றான்.

தொடைப் பட்டி தொங்கினதை அம்மா கண்டவ. வெளிக்கிட்டவனைப் பின்னால் கூப்பிட்டால் போற காரியம் கெட்டுப்போகும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அவன் திரும்பிப் பார்த்தால் சொல்லுவம் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. நாசமாய்ப் போன சகுனம்! அவன் திரும்பவேயில்லை. கடலுக்கு மேலே உயர்ந்ததும் பட்டிக்குள்ளால் வழுக்கி விழுந்தான். உடலாய்த்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்ப நான் ஊர்காவற்றுறைக்கு வேலைக்கு வெளிக்கிட்டுப் படலையைத் தாண்டினதும், அம்மா பின்னாலிருந்து கத்திக் கூப்பிடுகிறா. பஸ் போனாலும் போகட்டும் என்று திரும்பி வருவேன். அவ குனிந்து என் இரண்டு தொடைகளையும் தடவிப் பார்ப்பா.

“இப்ப சரி. போயிட்டு வா.”