கருப்பா, நேவி புளூவா?

எட்டு வயதில் எங்கள் வீட்டுக்குப் பெரிய மனுஷி நான்தான். அப்படி என்னை நினைக்க வைத்தவள் அத்தை.

அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, ஒரே ஒரு பையோடு திருத்தணிக்குத் திரும்பி வந்துவிட்டாள். "ஒரு அடி கூட அடிச்சது இல்லியாமே, அப்புறம் இன்னாத்துக்கு வந்துட்டா?" என்று தெருவில் கேட்டார்கள். மாமா அடித்ததில்லைதான். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், அணைக்கவில்லை என்று சாதிப்பாராம். தான் சொன்னதையே சொல்லவில்லை, உனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்பாராம். அம்மாவிடம் அத்தை இதைச் சொல்லி அழுததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட எனக்கு, அது ஏதோ விளையாட்டு மாதிரி இருந்தது.

வந்ததிலிருந்து எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்தாள். கேஸ் மூடியிருக்கிறதா, ரசத்தில் உப்பு இருக்கிறதா. கேட்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் அப்பா, நைனாவின் விசைத்தறிக்கு அவள்தான் தார் சுற்றினாள், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும் வேலை. டியூப்லைட்டில் கருப்பும் கருநீலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாற்றிப் போட்டால் துணி வெயிலுக்கு வந்த பிறகுதான் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

"கண்ணு, இது கருப்பா, நேவி புளூவா?"

நான் வாசலில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்து ஜட்ஜ் மாதிரி தீர்ப்புச் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னால் அரை இருட்டிலேயே நிறம் சொன்னவள் என்று நைனா முணுமுணுப்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். தெருவில் பம்பைச் சத்தத்தோடு காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பண்டிகைக்காகத் தறியை நிறுத்துவதற்குள் லுங்கியை முடித்துவிட நைனா பறந்தார். அவசரமாக ஒரு தாரை எடுத்து நாடாவில் வைத்துத் தறியை ஓட்டினார்.

"அண்ணா, நிறுத்து. அது கருப்பு இல்ல."

"கருப்புதாம்மா, சும்மா இரு."

அத்தை என்னைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தேன். கருப்பாகத்தான் தெரிந்தது. "ஆங், கருப்புதான் அத்த."

அவள் போய் தறியின் சுவிட்சை அணைத்தாள். "இல்லண்ணா. எனக்குத் தெரியுது. அது நேவி புளூ."

நைனா நாடாவை வெயிலுக்குக் கொண்டுபோனார். கருநீலம்தான். திரும்பி வந்து தாரை மாற்றினார். அத்தை சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மலைக்குப் புறப்படும்போது எந்தப் புடவை என்று கேட்காமல், தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் தப்பாகச் சொன்னதால் அத்தைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதென்று மலைப்படியெல்லாம் அழுதேன். அலகு குத்தியவர்களைப் பார்த்துப் பயந்துவிட்டதாக நினைத்து நைனா தோளில் தூக்கிக்கொண்டார். இன்றும் கருநீலத் துணியைக் கண்டால் அத்தையின் அந்தக் கை வேண்டும்போல இருக்கிறது.

எங்களுக்கு முன்னால் அத்தை யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி அப்படி நடப்பதைப் பார்க்கத்தான் வீடே காத்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு படியிலாவது நின்று, என் கையைப் பிடித்து, ஏதாவது கேட்கமாட்டாளா என்று பார்த்துக்கொண்டே போனேன்.