கீறல் விழாத எஞ்சின்

திருநெல்வேலி ஜங்ஷனில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கடைக்குத் தொண்ணூறுகளில் வந்துபோன வாடிக்கையாளர் அவர். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல் உள்ளவர். கஞ்சி போட்ட வேட்டி, மழித்து மினுங்கும் கன்னம். கடைக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் வெளியே காரை அணைக்க விட மாட்டார். தெருவே அந்த உறுமலைக் கேட்க வேண்டும். டிரைவர் புகைக்குள் உட்கார்ந்திருப்பார்.

பழைய சின்னக் காரில் ஜீப் எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தார். பிரேக்கும் ஸ்பிரிங்கும் மட்டும் அந்தச் சின்னக் காருடையவைதான்.

"முன்பாரம் கூடிப்போச்சு மொதலாளி. வளைவுல திரும்ப மாட்டேங்கு. டீசலும் ரொம்பக் குடிக்கு. சின்ன வண்டிக்காரனெல்லாம் நம்மள முந்துதான்" என்று டிரைவர் ஒருநாள் என் முன்னால்தான் சொன்னார்.

"மைலேஜ் பாக்கவன் பஸ்ல போவட்டும். நீ மிதிலே" என்றார் இவர்.

அந்த மழைக்காலத்தில், கல்லிடைக்குறிச்சிக்கு அருகே கால்வாய்க்கரை வளைவில் கார் திரும்பாமல் நேராகத் தண்ணீருக்குள் போனது. தனியாக ஓட்டி வந்த டிரைவர் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் இவர் கடைக்கு வந்தார். நான் துக்கம் கேட்க வாயெடுத்தேன்.

"எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்ல வே" என்றார், மகன் பாஸான சேதியைச் சொல்வதுபோல. இன்னொரு கார் வாங்கி அதில் ஏற்றப் போகிறாராம். எஞ்சினுக்கு ஒரு கேஸ்கட் வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பினார். செத்தவரைப் பற்றி ஏதோ சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"மிதிக்கத் தைரியமுள்ள டிரைவர் எவனாவது இருந்தா சொல்லும்."

சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க நடந்தார்.