கராஜ் கூரையைக் கழற்றிய சனிக்கிழமை

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம்: இந்த நாட்டில் குப்பை போடுவதற்கும் அப்பொயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். கோயிலுக்குப் போனால் யாரென்று கேட்பார் இல்லை. கவுன்சிலின் குப்பை நிலையத்து வாசலில் மட்டும் விலாசத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வான் ஓட்டிக்கொண்டு போனால் கட்டட வேலைக்காரர் என்று காசு கேட்பார்கள், காரில் போனால் வீட்டுக்காரர். சின்னச் சின்னக் கட்டட வேலைகள் செய்யும் என் கணவர் அதனால் அன்றைக்கு வானை வீட்டில் நிறுத்திவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு காரில் புறப்பட்டார். டிக்கியில், லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் எங்கள் வீட்டின் பழைய கராஜ் கூரை, சுத்தியலால் உடைத்த துண்டுகளாகக் கிடந்தது.

வாசலில் நின்ற வெள்ளைக்காரர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்தவர் சட்டென்று பின்வாங்கி, தானே அதை மூடினார். அஸ்பெஸ்டஸ் என்றார். நீங்களேதான் உடைத்தீர்களா, தூசியை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சுத்தபத்தத்தைப் பற்றிக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "ஐ ஸ்வெப்ட் எவ்ரிதிங், வெரி கிளீன்" என்று இவர் பெருமையாகச் சொன்னார். அந்த மனிதர் இவரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவீட்டில் பார்க்கிற பார்வை அது. நனைத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் வீட்டுக்காரரிடம் கவுன்சில் வந்து எடுக்கும், கட்டட வேலைக்காரர் என்றால் லைசென்ஸ் உள்ளவர்களைக் காசு கொடுத்துப் பிடிக்க வேண்டும் என்று விளக்கி, எங்களைத் திருப்பி அனுப்பினார்.

"கண்ணாடியைத் திறவுங்கோ" என்றேன் காரில்.

"நீர் சும்மா பயப்பிடாதையும். ஊரில இதுக்குக் கீழதானே கிடந்தனாங்கள்" என்றார் இவர்.

அது உண்மைதான். போரில் இடம்பெயர்ந்தபோது அப்பா அண்டா குண்டாவைக்கூட விட்டுவிட்டு அஸ்பெஸ்டஸ் கூரைச் சீற்றுகளைத்தான் முதலில் ட்ராக்டரில் ஏற்றினார். நாலு தடியை நட்டு மேலே போட்டால் வீடு. கிடுகு எரியும், தறப்பாள் கிழியும், சீற் இருக்கும். ஓட்டை போடும்போது பறக்கிற தூசியை வாயால் ஊதிவிட்டு அதற்குக் கீழேயே சாப்பிட்டோம். உடைந்த துண்டால் நிலத்தில் கோடு கீறிக் கெந்தி விளையாடினோம்.

அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தருமாம்; ஒருநாள் பட்ட தூசி பெரிதாக ஒன்றும் செய்யாது என்றார் நாங்கள் போய்க் கேட்ட டொக்டர். செய்வதானாலும் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியுமாம். இங்கு வந்த நாளிலிருந்து இவர் எத்தனை பேரின் கராஜை உடைத்திருப்பார்! மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வைக்கிற மனிதர். அந்த வேலை உடுப்புகளை உதறித் தோய்த்தவள் நான். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. உள்ளே இருந்தது பயம்தான்.

அடுத்த கிழமை வன்னியிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள். நாங்கள் அனுப்பிய காசில் கூரை போட்டு முடித்துவிட்டாளாம். போனைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் புதுச் சீற்றுகள். அவளுடைய கணவர் ஏணியில் நின்று, விளக்கு மாட்ட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கீழே பாயில் பிள்ளைகள் விளையாடினார்கள்.

"பிள்ளையளை முதல்ல வெளியில விடடி!" என்று கத்தினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய முகம் சுருங்கிப் போயிற்று.

"லண்டனுக்குப் போனாப்பிறகு எங்கட கூரை உங்களுக்குக் குப்பையாப் போச்சோ அக்கா? அப்ப எங்களை எங்க படுக்கச் சொல்லுறியள்?"

நான் யன்னலால் பார்த்தேன். பின்வளவில் பொலித்தீனில் சுற்றிய எங்கள் கூரை, கவுன்சில்காரர் வருவதற்காகக் காத்துக் கிடந்தது. அடுத்த அறையில் இவர் இருமினார். கொஞ்சம் நின்று, மறுபடியும் இருமினார். அது தங்கச்சிக்கும் கேட்டிருக்க வேண்டும். அவளுடைய குரல் இளகிவிட்டது.

"அத்தானுக்குத் தடிமன் காய்ச்சலோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.