மீட்டர் அக்காவும் பெட்ரோல் முள்ளும்

மீட்டர் அக்காவிடம் வண்டியை விடுகிறவர்களுக்கு முதலில் பொறுமை வேண்டும். பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லை என்று போனால், மற்ற பட்டறைகளில் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "சென்சார் போச்சு சார்" என்று புதிது ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். அக்கா அந்த ரகம் இல்லை. நாம் சொல்வதையும் கேட்டுக்கொள்வாள், முள் காட்டுவதையும் பார்த்துக்கொள்வாள், இரண்டையும் நம்பமாட்டாள். பழைய கார் சீட் ஒன்றைக் கால் வெட்டிக் குள்ளமாக்கி வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்து ஒயரைக் கையில் எடுத்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். கடைசியில் அவள் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட வரும். நான் பக்கத்து டயர் கடைக்காரன், எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இவ்வளவு சுத்தமாக ஒருத்தி வேலை பார்த்தால் எங்களிடமும் அல்லவா அதையே எதிர்பார்ப்பார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு டிராவல்ஸில் கார் டிரைவர். இவளை அக்கா என்று கூப்பிட்ட பாவத்துக்கு அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். வாய் ஓயாத மனிதர். என்னைப் பார்த்தாலே, "என்ன மாப்ள, ரோட்டுல ஆணி தூவிட்டு வந்தியா, வியாபாரம் எப்படி?" என்பார். வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. ஊர் சுற்றப் போகிறவர்கள் அவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள்.

கல்யாணமான புதிதில் அக்கா ஒரு கம்பெனியில் கார் மீட்டர்களுக்கு ஒயர் பற்றவைக்கும் வேலை பார்த்தாள். அதை மூடிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவளுக்கு இந்தப் பட்டறையைப் பிடித்துக் கொடுத்தது மாமாதான். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, டிராவல்ஸ் முதலாளியின் வண்டிகளை ஒவ்வொன்றாக அவளிடம் ஓட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். அந்த முதலாளி இன்றைக்கும் அவள் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்.

இந்த வருடம் மாமாவின் வண்டி பெட்ரோல் இல்லாமல் வழியில் நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை அவரை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினோம். இரண்டாவது தடவை அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் ஒரு நாள், ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு மேம்பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் எப்படியோ ஒடித்துத் திருப்பினான். ஒவ்வொரு தடவையும் மாமா சொன்னது ஒன்றேதான்: "முள்ளு பாதி காட்டுச்சு."

முதலாளி அக்காவுக்குப் போன் செய்தார். கையில் கிரீஸ் என்பதால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டிய அனுப்பி வெக்கிறேன்க்கா. நீங்களே பாத்துச் சொல்லுங்க. சென்சார் கோளாறுன்னா மாத்திருங்க, அண்ணன் எப்பவும் போல ஓட்டட்டும். நல்லா இருந்துச்சுன்னா..." என்று இழுத்தார்.

"சாவிய வாங்கிக்குவீங்க" என்றாள் அக்கா.

"ஆளுங்கள ஏத்துற வண்டிக்கா. நான் என்ன பண்றது?"

"சரிங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஒயரைச் சீவ ஆரம்பித்தாள். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் கொஞ்ச நாளாகவே எதுவும் தெரிவதில்லை. முன்பெல்லாம் மாமாவின் கிண்டலுக்குச் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்வாள். இப்போது அந்தக் கிண்டலே குறைந்துவிட்டது, கடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. இந்தப் போனுக்குச் சில நாள் முன்னால் மாமா என் கடைக்கு வந்து நாலு டயருக்கும் காற்றுப் பிடித்துக்கொண்டு போனார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்து, "காத்து பாத்து ரொம்ப நாளாச்சு மாப்ள" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "ம்" என்றாள்.

வண்டி வந்தது. மாமாவே ஓட்டிக்கொண்டு வந்து, ஓரமாக ஒரு ஸ்டூலில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்தார். அக்கா என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அதன் அடியில் டேங்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள்.

"சாவியப் போடு. முள்ளு எங்க இருக்கு?"

"அடியிலக்கா."

பிடுங்கிய ஒயரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். "இப்ப?"

"ஏறுது. ஃபுல்லுக்குப் போயிருச்சு."

எனக்கே அர்த்தம் தெரியும். முள்ளும் நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது. கோளாறு என்று ஒன்று இருந்தால் அது டேங்குக்குள்ளே இருக்கும் சென்சாரில்தான் இருக்க வேண்டும். அங்கேயாவது இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வண்டி பழுதாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மூடியைத் திறந்து சென்சாரை வெளியே எடுத்தாள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. சென்சார் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. பெட்ரோலில் மிதக்க ஒரு சின்னக் கட்டை, அதைப் பிடித்திருக்கும் ஒரு கம்பி, கம்பி ஏறி இறங்கும்போது உரசிக்கொண்டு போக ஒரு தகடு. தகடு தேய்ந்திருந்தால் மல்டிமீட்டரில் எண் திடீரென்று குதிக்கும். அக்கா மல்டிமீட்டரை மாட்டிவிட்டு, கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். எண் படிப்படியாக இறங்கியது. கீழே விட்டாள், அதே மாதிரி ஏறியது. எங்கும் குதிக்கவில்லை. மறுபடி தூக்கினாள். தகட்டைத் துணியால் துடைத்துவிட்டுத் தூக்கினாள். கட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பெட்ரோல் இறங்கியிருக்கவில்லை. மறுபடி தூக்கினாள். ஒரு வண்டிக்கு ஒரு தடவைக்கு மேல் அவள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

"போதும்க்கா" என்றேன்.

அவள் காதில் விழவில்லை. பெட்டியிலிருந்து நோஸ் பிளேயரை எடுத்தாள். கட்டையைப் பிடித்திருக்கும் கம்பியில் வைத்து இறுக்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் போதும், டேங்க் காலியானாலும் முள் பாதியில் நிற்கும். முதலாளிக்குப் போன் செய்து சென்சார் கோளாறு என்று சொல்லலாம், அதுவும் பொய்யாக இருக்காது. புதிது மாட்டலாம். காலையில் மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். வளைச்சிரு, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மேம்பாலமும் கூடவே ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அத வளைக்காதம்மா."

அவள் நிமிரவில்லை. பிளேயரைக் கம்பியிலிருந்து எடுக்கவும் இல்லை.

"முள்ளு கீழதான் இருந்துச்சு" என்றார். "சிவப்பு லைட்டும் எரிஞ்சுது. பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன். அது எதுக்கு எரியுதுன்னுதான் எனக்குத் தெரியல."

"பாதி காட்டுச்சுன்னு சொன்னீங்களே" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேற என்ன சொல்றது, நீயே சொல்லு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தகரத் தடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. அக்கா பிளேயரைப் பெட்டிக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு அவளே முதலாளிக்குப் போன் செய்தாள்.

"சென்சார் நல்லா இருக்குங்க. முள்ளும் சரியாத்தான் காட்டுது."

அந்தப் பக்கமிருந்து அவர் ஏதோ கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "இனிமே அவர் ஓட்டமாட்டார். வண்டிய நானே கொண்டுவந்து விட்டுர்றேன்."

சென்சாரை டேங்குக்குள் இறக்கி, மூடியை வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். மாமா அங்கேயே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் திருகும் முடிந்தது.

"அப்ப நாளைக்கு நான் எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?" என்று கேட்டார்.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"முழிப்பு வர்றப்ப எந்திரிங்க" என்றாள்.