அட்மின் மரிவிக்கின் ஸ்கிரீன்ஷாட்கள்

இலோயிலோவில் மரிவிக் பால்மாரெஸுக்குப் பகலில் பல் கிளினிக்கில் வேலை. மாலையில் ஆன்லைன் செடிக் குழுவின் அட்மின். சம்பளமில்லாத அந்த இரண்டாவது உத்தியோகத்தில்தான் மிடுக்கு அதிகம். மீன் சந்தையில்கூட அவளை ‘அட்மின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தள்ளுவாள். மகளின் பிறந்தநாள் படத்துக்குப் போனில் இடமில்லாமல் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

அந்தக் குழுவில் ஜீனலின் தினமும் லைவில் செடி விற்பாள். முதலில் ‘மைன்’, அதாவது ‘எனக்கு’ என்று தட்டியவருக்குச் செடி. உடனே விலாசம் அனுப்பாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்; தட்டிவிட்டு வாங்காமல் நழுவினால் குழுவை விட்டே வெளியேற்றம். கொஞ்ச நாளாக ‘கருப்புப் பூனை’ என்றொரு பொய்க் கணக்கு லைவுக்குக் கீழே அவளுக்குக் கூசும்படி எழுதிக்கொண்டிருந்தது. அவள் வெட்கப்பட்டு அத்தனையையும் அழித்துவிட்டாள். மரிவிக்கை ‘நாங்’, அதாவது அக்கா என்று கூப்பிடுபவள், கடைசியில் அவளிடமே வந்து நின்றாள்.

“நான் நிறுத்திடறேன் நாங். கேமராவ ஆன் பண்ணவே பயமா இருக்கு.”

“நிறுத்த வேண்டியவ நீயா இண்டை? இனிமே எதையும் அழிக்காத. கணக்கு பேரும் நேரமும் தெரியற மாதிரி எடுத்து எனக்கு அனுப்பு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

வலைத்தளத்துக்குப் புகார் போனது, கணக்கு முடங்கியது. மறுநாளே ‘கருப்புப் பூனை 2’ வந்து குதித்தது. மரிவிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைய லைவில் அது எழுதிய ஒவ்வொன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஜீனலின் வெள்ளைத் திட்டு விழுந்த மான்ஸ்டெரா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஊரே அலையும் செடி அது. பூனைக்கும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

‘மைன்.’

மரிவிக்குக்குத் தின்றுகொண்டிருந்த பான்டெசால் ரொட்டி புரையேறியது. இருமிக்கொண்டே, அட்மினுக்குரிய மரியாதையோடு விலாசம் கேட்டாள். எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதையே மறந்து, அவசரத்தில் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் அனுப்பிவிட்டான் அந்த மகாராசன். ஜீனலினுக்குத் தொட்டி விற்கும் டெல்ஃபின். நேரில் அவளை வாய் நிறைய ‘இண்டை’, தங்கச்சி என்பவன்; அவளுக்கு அவன் ‘நோங்’, அண்ணன்.

பராங்காய் எனும் வட்டார அலுவலகத்தில் அதன் தலைவரான கேப்டன், மரிவிக் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்களைப் புரட்டினார். பாதியில் இருமிவிட்டு, “இத வாய்விட்டுப் படிக்க என்னால முடியாதுப்பா” என்றார். டெல்ஃபின் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டான், இனி எழுதமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டான்.

எல்லோரும் எழுந்தபோது, ஜீனலின் பையிலிருந்து மான்ஸ்டெராவை எடுத்து அவன் முன் வைத்தாள்.

“பணத்த எடுங்க நோங். மைன் போட்டா வாங்கித்தான் ஆகணும். நாளைக்கு லைவ் இருக்கு, எனக்கு வேலை கெடக்கு.”