தனாத்தின் இரண்டு தட்டுகள்

எங்கள் கரகண்டா நகரத்தில் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிறவர்களில் கலம்காஸைத் தெரியாதவர் கிடையாது. கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பழகிய கை அவளுடையது. இப்போது டிஜே பெட்டியின் சுழல்தட்டுகளுக்கு அடிக்கிறாள். மணமக்கள் மேல் மிட்டாயும் சில்லறையும் அள்ளி வீசுகிற ஊர் இது. வீசுகிற மாமிகளுக்குக் குறி என்று ஒன்று கிடையாது, பாதிச் சில்லறை தட்டில்தான் வந்து விழும். கீறல் விழுந்த தட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கல்யாண மண்டபத்துக்குப் பிடித்த தங்கநிறத்தில் பூசித் தருவாள்.

பார்க்கச் சுலபம். ஆனால் செல்போன் திரை மாதிரி, விரல் பட்டதும் பாட்டு நிற்க வேண்டும், எடுத்ததும் ஓட வேண்டும். பூச்சு தடித்துவிட்டால் விரல் வைத்தது தட்டுக்குத் தெரியாது. அதனால் தன் விரலை வைத்துப் பார்க்காமல் ஒரு தட்டையும் அவள் வெளியே விட்டதில்லை.

கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடுகிறவர்களில் ஒருவனான தனாத், போன குளிர்காலத்தில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு டயர் மாற்றியவன். விரல்கள் பிழைத்தன. நுனித்தோல் மட்டும் செத்து, காய்ந்த செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டது. வசந்தத்தில் வந்த முதல் கல்யாணத்திலேயே ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டை இணைக்க, கலம்காஸ் பூசித் தந்த தட்டைப் பிடித்தான். அது அவனைச் சட்டை செய்யாமல் ஓடியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தாளம் தப்பி நின்றார்கள்.

மறுநாளே பெட்டியோடு வந்து நின்றான்.

"என்ன அக்கா, பெயின்ட் அடிச்சியா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சியா? என் கையவே கண்டுக்க மாட்டேங்குது!"

அவன் காரிலிருந்து வயர் எடுக்கப் போன நேரத்தில் கலம்காஸ் விரலை வைத்துப் பார்த்தாள். பாட்டு டக்கென்று நின்றது. கோளாறு பூச்சில் இல்லை, அவன் விரலில்.

கெட்ட செய்தியை முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. சாவுச் செய்தியைக்கூடப் பெரியவர்கள் நாலு பேர் கூடி வந்து, சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். ஒருத்தியாக நின்று அவள் எப்படிச் சொல்வாள்? பழியைத் தன் பூச்சின் மேலேயே போட்டுக்கொண்டாள்.

"ஆமாண்டா தம்பி, வார்னிஷ் ஜாஸ்தியாயிடுச்சு. எம்மேலதான் தப்பு."

அவன் நம்பினான். தேய்த்தாள், மெல்லிசாகப் பூசினாள். அவன் திரும்ப வந்தான். இன்னும் மெல்லிசாகப் பூசினாள். விரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டால் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு வரைக்கும் தட்டு கேட்டது. அந்த நம்பிக்கையில் கோடை முழுக்க ஓட்டினான். நடுவில் ஒரு மண்டபத்தில் அவனை விளக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"எங்க அக்கா தட்டைச் சரி பண்ணித் தரப்போறா. நான் ஏன் லைட்டைத் தூக்கிட்டு அலையணும்னு கேட்டுட்டேன்!" என்று அவளிடமே வந்து சிரித்தான்.

டீ அவளுக்குப் புரையேறியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

இலையுதிர்காலத்தில் வந்தவன், "பூச்சே வேண்டாம் அக்கா. மொத்தத்தையும் சுரண்டு" என்றான். தின்னர் ஊற்றித் துடைத்தாள். தங்கம் போனது, அடியிலிருந்த பிரைமரும் போனது. வெறும் உலோகம் பளபளத்தது. மாட்டிப் பாட்டைப் போட்டான். விரலை வைத்தான். பாட்டு ஓடியது. அழுத்தினான், தேய்த்தான். ஓடிக்கொண்டேயிருந்தது.

"வயரு லூசா இருக்கும்டா" என்று சொல்லிக்கொண்டே கலம்காஸ் பழக்கதோஷத்தில் தன் விரலை வைத்துவிட்டாள்.

பாட்டு நின்றது.

தனாத் அவள் விரலைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவையே தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான் தம்பி."

"எம் பொண்டாட்டிக்குமா?"

"அவதான் வந்து எங்கிட்ட அழுதா."

கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் வயரைச் சுருட்டி வைத்தான், கோட்டை மாட்டிக்கொண்டான். பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு வாசலில் நின்று, "ரொம்பச் சிரமப்பட்டுட்டே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.